கேட்டுக்கொண்டிருந்த முகம்

லிஃப்ட்டுக்குள் நடுத்தர வயது மனிதர் ஒருவர் நிற்கிறார். கழுத்துவரை ஜிப் இழுத்துவிட்ட சாம்பல் நிற ஜாக்கெட். கதவு மூடப்போகும் நேரத்தில் ஒரு பந்து உருண்டு உள்ளே வருகிறது. பின்னாலேயே ஒரு பொடியன். லிஃப்ட் மேலே ஏறுகிறது. “நீங்க நிஜமாவே ஸ்டாசியா?” என்று பையன் கேட்கிறான். ஸ்டாசி என்றால் என்னவென்று உனக்குத் தெரியுமா என்று அவர் திருப்பிக் கேட்கிறார். தெரியுமே, மனுஷங்களைப் பிடித்து ஜெயிலில் போடுகிற கெட்டவர்கள், அப்பாதான் சொன்னார் என்கிறான் அவன். உடனே அந்த மனிதர், உன்னுடைய... பெயர் என்ன என்று ஆரம்பிக்கிறார். அப்பாவின் பெயரைக் கேட்கப்போனவர் பாதியில் நின்றுவிடுகிறார். என்னோட என்ன பேரு என்று பையன் முழிக்க, உன் பந்தோட பேரு என்று கேட்டு முடிக்கிறார்.

‘தி லைவ்ஸ் ஆஃப் அதர்ஸ்’ படத்தில் வரும் இந்தச் சின்னக் காட்சியை எத்தனை முறை வேண்டுமானாலும் திருப்பிப் போட்டுப் பார்க்கலாம். புருவம் அசைவதில்லை. குரல் ஏறி இறங்குவதில்லை. கேள்வி பழகிய தடத்தில் கிளம்புகிறது, ஒரு மூச்சு நிற்கிறது, தடம் மாறிவிடுகிறது. கிழக்கு ஜெர்மனியின் ரகசியப் போலீஸான ஸ்டாசியில் பல வருடங்களாக ஊறிப்போன உத்தியோக புத்தி ஒருவருக்குள் முறிந்துபோவதை அந்த ஒரு மூச்சில் காட்டிவிடுகிறார் நடிகர். அவர் பெயர் உல்ரிஷ் மூயே.

2007 பிப்ரவரி 25 அன்று அந்தப் படம், சிறந்த வெளிநாட்டு மொழிப் படத்துக்கான ஆஸ்கர் விருதை வென்றது. அடுத்த ஐந்து மாதங்களுக்குள் மூயே காலமானார், வயது 54. உலகம் அவரை அறிந்துகொண்டது அவருடைய கடைசி வருடத்தில்தான். ஜெர்மானியர்களுக்கோ அவர் கால் நூற்றாண்டுக்கும் மேலாகப் பழக்கமானவர்: முதலில் மேடையில், பிறகு சினிமாவில், அப்புறம் வாராவாரம் வீட்டுத் தொலைக்காட்சியில். ஒற்றைப் படத்தின் நாயகனாக மட்டும் அவரை நினைவில் வைத்துக்கொள்வது அவருக்குச் செய்யும் அநியாயம். அந்த லிஃப்ட்டில் நாம் பார்க்கும் மௌனம், கிழக்கு ஜெர்மனியின் நாடகக் கொட்டகைகளில் வருடக்கணக்கில் பயின்று எடுத்தது. சொல்லாமல் விட்டதைக் காது கொடுத்துக் கேட்கத் தெரிந்த பார்வையாளர்கள் அங்கே இருந்தார்கள். மூயேவை உருவாக்கியவர்கள் அவர்கள்தான்.

சுவரோரக் காவல்

லைப்சிக் நகருக்குப் பக்கத்தில், முல்டெ ஆற்றங்கரையில் இருக்கும் சிற்றூர் கிரிம்மா. மூயே அங்கே பிறந்தது 1953 ஜூன் 20 அன்று. அதற்கு மூன்று நாள் முன்புதான் கிழக்கு ஜெர்மனித் தொழிலாளர்கள் அரசுக்கு எதிராகத் தெருவில் இறங்கினார்கள். சோவியத் டாங்கிகள் வந்து அவர்களை அடக்கின. இனி இந்த நாட்டில் எதைச் சத்தமாகச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பது அந்த வாரத்தில் எல்லோருக்கும் புரிந்துபோயிற்று.

அப்பா விலங்கு ரோம ஆடைகள் தைக்கும் கைவினைஞர். பையன் பள்ளி முடித்துக் கட்டட வேலையில் பயிற்சி எடுத்தான். பிறகு கட்டாய ராணுவ சேவை. அனுப்பப்பட்ட இடம் பெர்லின் சுவர். வேலை, எல்லைக் காவல். தாண்டி ஓட முயல்பவரைத் தடுக்க வேண்டும், தேவைப்பட்டால் சுட வேண்டும். அந்தச் சுவரில் 1961 முதல் 1989 வரை குறைந்தது 140 பேர் உயிரிழந்திருக்கிறார்கள். மூயே துப்பாக்கியோடு நின்ற அந்த நாள்களில் அவருக்கு வயிற்றில் புண் வந்தது. உடல்நிலை மோசமானதும் காவல் பணியிலிருந்து விடுவித்தார்கள். இருபதைத் தாண்டியும் தாண்டாத வயது.

அங்கிருந்து அவர் நேரே போனது நாடகத்துக்கு. 1975 முதல் 1979 வரை லைப்சிக்கில் உள்ள ஹான்ஸ் ஓட்டோ நாடகக் கல்லூரியில் படிப்பு. பிறகு, அப்போது கார்ல் மார்க்ஸ் நகர் என்று பெயர் மாற்றப்பட்டிருந்த கெம்னிட்ஸின் அரங்கில் வேலை. அங்கே அவரை அடையாளம் கண்டவர் ஹைனர் முல்லர். பிரெக்டுக்குப் பிறகு கிழக்கு ஜெர்மனி தந்த மிகப் பெரிய நாடகாசிரியர் அவர். தன் நாடகங்களில் பலவற்றைத் தன் சொந்த நாட்டிலேயே மேடையேற்ற முடியாமல் தவித்தவர். 1982-ல் தன்னுடைய ‘மாக்பெத்’ தயாரிப்புக்காக மூயேவைப் பெர்லினின் ஃபோல்க்ஸ்பூனே அரங்குக்கு அழைத்துவந்தார். அடுத்த வருடமே நாட்டின் முதன்மை அரங்கமான டாய்ச்சஸ் தியேட்டரில் மூயே நிரந்தர நடிகர் ஆனார்.

வசனத்துக்கு நடுவே

சுமார் ஒன்றரைக் கோடிச் சொச்சம் மக்கள்தொகை கொண்ட அந்தச் சிறிய நாட்டில் 60-க்கும் மேற்பட்ட நாடக அரங்குகள் இருந்தன. எல்லாம் அரசுப் பணத்தில் நடந்தவை; டிக்கெட் விலை மிகக் குறைவு. பேப்பரைப் புரட்டினால் ஆளும் கட்சி பேசும், டி.வி.யைப் போட்டால் கட்சி பேசும். அரங்கத்துக்குள் மட்டும் மூச்சுவிடக் கொஞ்சம் இடம் இருந்தது. வசனத்தை அதிகாரிகள் முன்கூட்டியே படித்து வெட்டலாம். நடிகர் எந்த இடத்தில் ஒரு நொடி தாமதிப்பார், எந்தச் சொல்லை முடிக்கும்போது தலையைத் திருப்பிப் பார்வையாளரைப் பார்ப்பார் என்பதை எந்தத் தணிக்கைக்காரர் வெட்டுவார்?

கதேயின் ‘எக்மாண்ட்’ ஒரு நல்ல உதாரணம். ஸ்பெயினின் ஆட்சியில் தவிக்கும் நெதர்லாந்து. மக்களுக்குப் பிரியமான பிரபு எக்மாண்ட். ஆள்பவர்களின் நேர்மையை நம்பிப் பேசப்போய்ச் சிறைப்பட்டு, தலையை இழக்கிறான். தேசமே கொண்டாடும் மகாகவி எழுதியது. அதை யார் தடை செய்ய முடியும்? 1986-ல் அந்த எக்மாண்டாக மூயே நின்றபோது, மேடையில் நடப்பது 16-ம் நூற்றாண்டுக் கதை. கேட்டுக்கொண்டிருந்த ஜனங்கள் எந்த நாட்டைப் பற்றி யோசித்தார்கள் என்று யாரும் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

இப்படிப்பட்ட சபையின் முன் நின்று பழகிய நடிகருக்கு முகத்தைக் கோணிக் காட்ட வேண்டிய அவசியமே வருவதில்லை. மிகை செய்தால் வேலை கெட்டுவிடும். மேடையில் இருப்பவர் பாதியைச் சொன்னால் போதும், மீதியைக் கீழே இருப்பவர்கள் தாங்களே முடித்துக்கொள்வார்கள். மூயேவின் உடலும் இதற்குத் தோதாக அமைந்திருந்தது. ஒல்லியான தேகம், வெளிர் கண்கள், அகன்ற நெற்றி, உயர்த்தாமலே கடைசி வரிசைவரை போய்ச் சேரும் மென்மையான குரல். இப்சனின் ‘பேய்கள்’ நாடகத்தில், அப்பனின் பாவத்தைத் தன் நோயாகச் சுமக்கும் மகன் ஆஸ்வால்டாக வந்த 1983-லேயே பெர்லின் ரசிகர்களுக்கு இவர் யார் என்று தெரிந்துவிட்டது.

சினிமாவும் கூடவே வந்தது. கவிஞர் ஹோல்டர்லினின் வாழ்க்கையைச் சொல்லும் ஒரு படத்தில் கவிஞராக நடித்தார். அதில் உடன் நடித்த ஜென்னி க்ரோல்மன் அவருடைய இரண்டாவது மனைவி ஆனார். இந்தப் பெயர் பிறகு மறுபடி வரும்.

நடிகர்கள் கூட்டிய கூட்டம்

1989 இலையுதிர் காலத்தைப் பற்றி எழுதுபவர்கள் கோர்பச்சேவைச் சொல்வார்கள், லைப்சிக் தேவாலயத்தின் திங்கட்கிழமைப் பிரார்த்தனைகளைச் சொல்வார்கள். நாடகக்காரர்களின் பங்கு ஏனோ ஓரமாகப் போய்விடுகிறது.

அக்டோபர் 15 அன்று நாட்டின் பல அரங்குகளிலிருந்தும் நாடகக் கலைஞர்கள் டாய்ச்சஸ் தியேட்டரில் கூடினார்கள். அரசிடம் முறையாக விண்ணப்பித்து, அனுமதி வாங்கி, தலைநகரின் நடுவில் ஒரு பேரணி நடத்துவது என்று அங்கே முடிவாயிற்று. அரசியல் சட்டத்தின் 27, 28-ம் பிரிவுகள் பேச்சுரிமையையும் கூடும் உரிமையையும் தருகின்றன. காகிதத்தில் இருப்பதைத்தானே கேட்கிறோம் என்பது அவர்கள் வாதம். இவ்வளவு எளிமையான ஒரு வாதத்துக்கு அந்த அரசிடம் பதில் இல்லாமல் போயிற்று.

அக்டோபர் 28 அன்று மூயே தன் அரங்கின் மேடையில் ஒரு புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசித்தார். எழுதியவர் வால்டர் யாங்கா. ஆஃப்பௌ என்ற புகழ்பெற்ற பதிப்பகத்தின் தலைவராக இருந்தவர். 1956-ல் கைதாகி, போலி வழக்கொன்றில் ஐந்தாண்டு தண்டனை பெற்றவர். விசாரணையின்போது நாட்டின் பெரிய எழுத்தாளர்கள் நீதிமன்றத்தில் உட்கார்ந்திருந்தும் அவருக்காக ஒருவர்கூட வாய்திறக்கவில்லை. 30 வருடத்துக்கும் மேலாகக் கிழக்கில் யாரும் பொதுவில் பேசாத கதை அது. வேஷம் கிடையாது, ஒளியமைப்பு கிடையாது. ஒரு மனிதர் நிதானமாக வாசிக்கிறார், நிரம்பி வழியும் அரங்கம் கேட்கிறது. என்னைப் பொறுத்தவரை மூயேவின் மிகப் பெரிய மேடை நிகழ்ச்சிகளில் இதையும் ஒன்றாகக் கணக்கில் எடுக்க வேண்டும்.

நவம்பர் 4. அலெக்ஸாண்டர்பிளாட்ஸ் சதுக்கத்தில் பல லட்சம் பேர் திரண்டார்கள். ஐந்து லட்சம் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. ‘வன்முறை வேண்டாம்’ என்று எழுதிய பட்டையை மாட்டிக்கொண்டு கூட்டத்தை ஒழுங்குபடுத்தியவர்களில் நடிகர்களும் மேடைத் தொழிலாளர்களும் இருந்தார்கள். ஆரம்பத்திலேயே மைக் முன் வந்தவர்கள் மூயேவும், பிரெக்டின் பேத்தியான நடிகை யோஹானா ஷாலும். அந்த இரண்டு அரசியல் சட்டப் பிரிவுகளும் ஜனங்களுக்கு முன்னால் உரக்க வாசிக்கப்பட்டன. பிறகு கிறிஸ்டா வுல்ஃப், ஸ்டெஃபான் ஹைம், ஹைனர் முல்லர் என்று எழுத்தாளர்கள் பேசினார்கள். ஐந்தே நாளில் சுவர் திறந்தது. இளைஞனாக அதைக் காவல் காத்து வயிற்றில் புண் வாங்கியவருக்கு அப்போது வயது 36.

நாடு போன பிறகு ஹாம்லெட்

இந்தக் களேபரம் முழுவதும் நடந்துகொண்டிருந்தபோது முல்லரும் மூயேவும் பகலில் ‘ஹாம்லெட்’ ஒத்திகையில் இருந்தார்கள். ஷேக்ஸ்பியரின் முழு நாடகம், அதன் நடுவே முல்லர் 1977-ல் எழுதி, கிழக்கு ஜெர்மனியில் மேடை காணாமல் கிடந்த ‘ஹாம்லெட்மெஷின்’. ஒத்திகை தொடங்கியபோது கட்சித் தலைவர் ஹோனெக்கர் ஆட்சியில் இருந்தார். பாதியில் அவர் விழுந்தார். சுவர் விழுந்தது. 1990 மார்ச் 18 அன்று நாட்டின் முதல் சுதந்திரத் தேர்தல். மேற்கோடு சீக்கிரம் இணைவோம் என்ற அணிக்கு வெற்றி. மார்ச் 24 அன்று திரை விலகியபோது, அந்த நாடகத்தை யாருக்காக ஆரம்பித்தார்களோ அந்த நாடே விடைபெறத் தயாராகிக்கொண்டிருந்தது.

நாடகம் ஏழு மணி நேரத்துக்கும் மேல் ஓடியது. எரிஷ் வோன்டர் அமைத்த மேடை, பனி உறைந்த உலகத்தில் தொடங்கி மெல்ல உருகி, கடைசியில் பாலைவனமாக முடியும். அதன் நடுவே மூயே. இடிந்துவிழும் டென்மார்க்கையும் இடிந்துவிழும் தன் நாட்டையும் ஒரே சமயத்தில் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவனாக, பழைய ஆட்சியை வெறுக்கவும் புதியதை நம்பவும் முடியாத ஹாம்லெட்டாக அவர் நின்றார். கிறிஸ்டோஃப் ரூட்டர் என்ற இயக்குநர் ஒத்திகை நாள்களிலிருந்தே கேமராவோடு கூட இருந்து ஓர் ஆவணப்படம் எடுத்திருக்கிறார். தெருவில் நடக்கும் சரித்திரம் கொட்டகைக் கதவைத் தட்டுவதையும், உள்ளே இருக்கும் நடிகர்கள் ஷேக்ஸ்பியரா தெருவா என்று தடுமாறுவதையும் அதில் பார்க்கலாம். மேடை நடிப்பு காற்றில் போய்விடும் என்பார்கள். இந்த ஒரு நடிப்பில் கொஞ்சமாவது நமக்கு மிஞ்சியிருக்கிறது.

ஒன்றான ஜெர்மனியில் கிழக்கத்திய நடிகர்கள் பலர் காணாமல் போனார்கள். மூயேவுக்கு அந்தக் கதி வரவில்லை. அதற்குள் பெர்ன்ஹார்ட் விக்கி இயக்கிய ‘தி ஸ்பைடர்ஸ் வெப்’ படத்தில் நாயகனாக நடித்திருந்தார். அடுத்து அவரைத் தேடி வந்தவர் ஆஸ்திரிய இயக்குநர் மைக்கேல் ஹானெகே.

‘பென்னிஸ் வீடியோ’ 1992-ல் வந்தது. பதின்வயது மகன் ஒரு பெண்ணைக் கொன்று, அது பதிவான வீடியோவைப் பெற்றோருக்குப் போட்டுக் காட்டுகிறான். அப்பா மூயே. அதன்பின் கணவனும் மனைவியும் ஹாலில் உட்கார்ந்து, இனி என்ன செய்வது என்று பேசும் காட்சி வரும். போலீஸுக்குப் போனால் என்ன ஆகும், போகாவிட்டால் என்ன, உடலை எப்படி அப்புறப்படுத்துவது, எவ்வளவு சிறிதாக... மூயே இதையெல்லாம் குடும்ப பட்ஜெட் போடுவது போன்ற குரலில் அலசுகிறார். ரத்தம் காட்டும் எந்தப் படத்தையும்விட இந்தக் குரல் என்னை அதிகம் உலுக்கியிருக்கிறது. நல்லவர்களாக வாழ்ந்துகொண்டிருக்கும் மனிதர்களின் குரல் அது.

1997-ல் ஹானெகேயின் இரண்டு படங்கள். காஃப்காவின் ‘தி கேஸில்’ நாவலைத் தழுவிய படத்தில் கே. என்ற நில அளவையாளர். ‘ஃபன்னி கேம்ஸ்’ படத்தில் ஏரிக்கரை வீட்டுக்கு விடுமுறைக்கு வந்து, வெள்ளைக் கையுறை போட்ட இரண்டு இளைஞர்களிடம் சிக்கும் குடும்பத்தின் தலைவர். ஆரம்பத்திலேயே கோல்ஃப் மட்டையால் அடித்து அவர் காலை உடைத்துவிடுகிறார்கள். மீதிப் படம் முழுக்க நகர முடியாமல், மனைவிக்கும் மகனுக்கும் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் அவர் வேலை. நாயகன் பாய்ந்து அடிப்பான் என்று காத்திருக்கும் நம் ஆசையை ஹானெகே கொன்றுபோடுகிறார். மூயே அதற்குத் துளியும் வீம்பில்லாமல் ஒத்துழைக்கிறார். தன் கதாபாத்திரத்தைக் கையாலாகாதவனாகக் காட்டிக்கொள்ளச் சம்மதிக்கும் நட்சத்திரங்கள் எந்த ஊரில் அதிகம்? இரண்டு படங்களிலும் அவரோடு நடித்தவர் சுசான்னே லோத்தார், மூயேவின் மூன்றாவது மனைவி. மேற்கு ஜெர்மனியின் நாடகக் குடும்பத்தில் பிறந்தவர். மூயே எவ்வளவு அடக்கமோ அவ்வளவு வெடிப்பு அவர் நடிப்பில். பீட்டர் ஸாடெக் இயக்கத்தில் சாரா கேனின் ‘கிளென்ஸ்ட்’ நாடகத்திலும் 1998-ல் இருவரும் சேர்ந்து மேடையேறினார்கள்.

அதே வருடம் தொடங்கியது ‘கடைசி சாட்சி’ என்ற டி.வி. தொடர். தடயவியல் மருத்துவர் கோல்மாராக 2007 வரை நடித்தார். பிணம் பேசுவதைக் கேட்கும் டாக்டர். குடும்பங்கள் விரும்பிப் பார்த்தன. மாதச் சம்பளம் வந்தது. அதைக் குறையாகச் சொல்ல நான் தயாரில்லை.

ஹெட்ஃபோன்

முப்பது வயதைக் கொஞ்சமே தாண்டிய ஒரு அறிமுக இயக்குநர், மேற்கு ஜெர்மன்காரர், ஸ்டாசியைப் பற்றிக் கதை எழுதிக்கொண்டு வந்தார். பெயர் ஃப்ளோரியான் ஹென்கெல் வான் டோனர்ஸ்மார்க். 1984-ம் வருடக் கிழக்கு பெர்லின். நாடகாசிரியர் ஒருவரின் வீட்டை ஒட்டுக்கேட்கும் ஸ்டாசி அதிகாரி கெர்ட் வீஸ்லர். ஸ்டாசி பற்றி ஒரு சின்னக் கணக்கு: 1989-ல் அதற்கு 91,000 முழுநேர ஊழியர்கள், அவர்களுக்கு மேல் சுமார் 1,89,000 ரகசியத் தகவலாளிகள். இந்தப் பாத்திரத்துக்கு எப்படித் தயாரானீர்கள் என்று மூயேவிடம் கேட்டார்கள். நினைவுபடுத்திக்கொண்டேன் என்பதுதான் அவர் சொன்ன பதில்.

அந்த வீட்டின் பரணில், தரையில் சாக்பீஸால் கீழ்வீட்டின் வரைபடம் போட்டு, அதன் மேல் நடந்தபடி வீஸ்லர் கேட்கிறான். கீழே நாடகாசிரியர் பியானோவில் உட்காருகிறார். கேமரா வீஸ்லரின் முதுகுப்பக்கத்திலிருந்து மெல்லச் சுற்றி வருகிறது. முகம் தெரியும்போது கன்னத்தில் கண்ணீர். அது எப்போது வந்தது என்று நமக்குத் தெரியாது. அவனுக்கே தெரியாது போலிருக்கிறது. ஒட்டுக்கேட்கும் காட்சிகளில் பெரும்பாலும் மூயேவுக்கு எதிரே நடிக்க ஆளே கிடையாது. காதில் ஹெட்ஃபோன், முன்னால் ஒரு டைப்ரைட்டர், அவ்வளவுதான். சொல்லாததைக் கேட்டுப் பழகிய ஒரு சபையின் முன் வளர்ந்தவர், இங்கே அந்தச் சபையாகவே மாறிவிடுகிறார்.

படத்துக்கு எதிர்ப்பும் வந்தது, நியாயமான எதிர்ப்பு. ஹோஹென்ஷோன்ஹவுஸன் சிறை நினைவகத்தின் இயக்குநர் ஹூபெர்டஸ் க்னாபெ அங்கே படப்பிடிப்பு நடத்த அனுமதி மறுத்தார். தான் கண்காணித்தவரைக் காப்பாற்றிய ஸ்டாசி அதிகாரி ஒருவர்கூடச் சரித்திரத்தில் இல்லை, அப்படியிருக்க ஏன் ஒருவரைப் புனிதராக்குகிறீர்கள் என்று கேட்டார். சரித்திரத்தை வைத்துப் பார்த்தால் அவர் சொன்னது சரி. ஆனால் மூயேவின் நடிப்பு வீஸ்லரைப் புனிதராக்கவில்லை. படத்தின் தொடக்கத்தில், தூங்கவிடாமல் நாள் கணக்கில் விசாரிப்பது மனிதத்தன்மை இல்லையே என்று ஒரு மாணவன் கேட்க, வீஸ்லர் பதில் சொல்லிக்கொண்டே அந்த மாணவன் பெயருக்கு நேரே ஒரு பெருக்கல் குறி போடுவான். அதே முகம்தான் பின்னால் அழுகிறது. இரண்டையும் ஒரே மனிதனாகக் காட்டியதில் மூயே எந்தச் சலுகையும் கொடுக்கவில்லை.

மூயேவின் சொந்த வாழ்க்கையிலும் ஸ்டாசி கோப்புகள் புகுந்திருந்தன. ஜென்னி க்ரோல்மன் தகவலாளியாக இருந்தார் என்று, படத்தையொட்டி வெளியான புத்தகத்தில் மூயே சொன்னார். க்ரோல்மன் அதை உறுதிமொழி கொடுத்து மறுத்தார். அவரைக் கையாண்டதாகக் கோப்பு சொல்லும் அதிகாரியோ, தான் பலவற்றைக் கற்பனையாக எழுதிவைத்ததாகச் சொன்னார். அந்தக் குற்றச்சாட்டைத் திரும்பச் சொல்லக் கூடாது என்று நீதிமன்றம் மூயேவைத் தடுத்தது. புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்த க்ரோல்மன் 2006 ஆகஸ்டில் இறந்துபோனார். இதில் யார் பக்கம் நிற்பது என்று தீர்ப்பு எழுத எனக்கு மனம் வரவில்லை. ஒரு காலத்தில் சேர்ந்து வாழ்ந்த இரண்டு பேரை, கலைக்கப்பட்டு 16 வருடமான ஓர் அலுவலகத்தின் காகிதம் கோர்ட்டில் எதிரெதிராக நிறுத்தியது.

2006-ல் ஜெர்மன் திரைப்பட விருது, ஐரோப்பியத் திரைப்பட விருது இரண்டிலும் சிறந்த நடிகர் மூயே. ஆஸ்கர் விழாவுக்கு அமெரிக்கா போனவர், திரும்பிய கையோடு அறுவை சிகிச்சைக்குப் படுத்தார். வயிற்றுப் புற்றுநோய். வெளியே யாருக்கும் தெரியாமல் வைத்திருந்து, ஜூலையில்தான் பத்திரிகைக்குச் சொன்னார். செய்தி அச்சான மறுநாள், 2007 ஜூலை 22 அன்று, சாக்சனி-அன்ஹால்ட்டில் இருக்கும் வால்பெக் கிராமத்தில் உயிர் பிரிந்தது. அங்கேயே அடக்கம். லோத்தாரோடு நடித்த ‘நெமெசிஸ்’ படம் அவர் போன பிறகு 2010-ல்தான் வெளிவந்தது. இரண்டு வருடத்தில் லோத்தாரும் போய்விட்டார்.

க்ரோல்மனுக்கும் மூயேவுக்கும் பிறந்த அன்னா மரியா மூயேவும் நடிகைதான். 2016-ல், கிழக்கு ஜெர்மனியிலிருந்து கிளம்பிய நவநாஜிக் கொலைக் கும்பலைப் பற்றிய தொலைக்காட்சிப் படத்தில், அந்தக் கும்பலைச் சேர்ந்த பெயாட்டெ ஷெப்பெயாக நடித்தார். சுவர் விழுந்த பிறகு அதே மண்ணில் வளர்ந்த வெறுப்பின் கதை அது.